எட்டெழுத்து

கூக்கால் தாண்டியதும் தார் முடிந்தது.
கொஞ்ச தூரத்தில்
பூண்டு வியாபாரியின் ஜீப்பும் முடிந்தது.
டிஷ் பெட்டியை நானும்
சிமெண்டு மூட்டையை வீரணனும் சுமந்து
பாத்திகளுக்கு நடுவே ஏறினோம்.
"பாத்து, நேத்து பேஞ்சது" என்றார்
நான் வழுக்கிய பிறகு.

வீடு பூட்டியிருந்தது.
கண்ணாடிச் சுவர், தேக்குக் கதவு,
வருஷத்தில் பத்து நாள் ஆள் இருக்கிற வீடு.
மீதி நாளுக்கு மூன்று கேமரா:
வாசலுக்கு, பின்கட்டுக்கு,
வீரணன் படுக்கிற தகரக் கொட்டகையைப் பார்த்து ஒன்று.

இந்தத் தட்டு அதிகம் கேட்பதில்லை.
வடக்கே கொஞ்சம் வெறும் வானம், அவ்வளவுதான்.
மலையில் அதுதான் கிடைக்காது.
போனைத் தூக்கிச் சுற்றிக் காட்டினேன்,
திரையில் ஒரு பேரி மரம்
சிவப்பாக வளர்ந்து நின்றது.
"இந்தக் கொப்பு இருந்தா என்ன?"
நிமிஷத்துக்கு ஒருதரம் அறுந்துபோகும்.
"காய் பிடிச்ச கொப்பு."
சொல்லிவிட்டு
அரிவாளை இடுப்பில் செருகி ஏறினார்.
விழுந்ததில் ஒரு காயைச் சட்டையில் துடைத்துக் கொடுத்தார்.
பல் கூசியது.
அதற்கு இன்னும் ஒரு மாசம் வேண்டியிருந்தது.

குழி இரண்டடி. ஜல்லிக்கு ஓடைக்கல்.
முள்ளம்பன்றி கடிக்காமலிருக்க
கேபிளைப் பைப்புக்குள் நுழைத்தேன்.
காட்டுமாடு வந்து முதுகு உரசினால் என்ன செய்ய?
கம்பெனி கொடுத்த கையேட்டில் அந்தப் பக்கம் இல்லை.
ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை
வீரணன் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றார்.
மூன்று பக்கமும் கயிறு இழுத்துக் கட்டினோம்.

மூன்றரைக்கு மூடுபனி.
மரம் போனது, எதிர்மலை போனது,
நான் நின்ற ஏணியின் கீழ்ப்படிகளும் போயின.
தட்டு மட்டும்
அதற்குள் யாரையோ பார்த்துவிட்டது.

"அது எங்க நிக்குது சார்?"
நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும்.
மலைக்குப் பின்னால் இறங்கும்முன்
அடுத்ததன் கையில் நம்மைக் கொடுத்துவிட்டுப் போகும்,
மாடிக்குச் செங்கல் ஏற்றுகிற சித்தாள்கள் மாதிரி.
"கீழ போட்டுற மாட்டாங்கள்ல?"
எப்போதாவது.

முதல் அழைப்பு கோயமுத்தூரிலிருந்து.
ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், என் தப்பு.
"வெள்ளையா தெரியுதே, கேமரா சரிதானே?
பாஸ்வேர்ட் எனக்கு மட்டும் அனுப்புங்க.
வாட்ச்மேனுக்குக் குடுத்துறாதீங்க,
ராப்பூரா படம் பாப்பான்."
ஏணியைப் பிடித்திருந்த கை
ஏணியைப் பிடித்தபடியே இருந்தது.

ஸ்பேனரைத் துடைத்துத் தரும்போது கேட்டார்:
"வடுகபட்டில இன்னிக்குப் பூண்டு என்ன போகுதுன்னு
அதுல தெரியுமா?"
தெரிந்தது. கிலோ இருநூற்றுப் பத்து.
"நூத்தி நாப்பதுக்குப் பேசிட்டேன், நேத்து.
பதினெட்டு மூட்டை."
விரல் மடக்கிக் கணக்குப் பார்க்கவில்லை.
கீழே ஹாரன் அடித்தது,
அந்த மூட்டைகளை ஏற்ற வந்த ஜீப்.
நான் வந்தது அதில். போவதும் அதில்தான்.

பாஸ்வேர்ட் எட்டெழுத்து.
கோபுரத்தில் ஏறிக் கத்துகிற ஆள் இல்லை நான்.
வத்தலக்குண்டில் வாடகை பாக்கி இருக்கிறது,
கூரையில் ஏறியதே ஆணி அடிக்க.
ஆனால் கம்பத்தடியில்
சிமெண்டு இன்னும் ஈரமாக இருந்தது.
கேமரா பார்க்காத பக்கம் குத்தவைத்து
மிச்சமிருந்த ஆணியால் எட்டையும் கீறினேன்.
நடுவில் ஒரு நட்சத்திரக் குறி,
பூ மாதிரி வந்துவிட்டது.
வீரணன் வெட்டிய கொப்பை
வேலியோரம் இழுத்துக்கொண்டிருந்தார்.
பார்த்தாரா தெரியாது.
நான் சொல்லவும் இல்லை.

பதினெட்டு மூட்டையின் மேல் உட்கார்ந்து இறங்கினேன்.
பூம்பாறை வளைவில் மழை பிடித்தது.
தார்ப்பாயைப் பூண்டுக்குத்தான் போட்டார்கள்.
மேலேயும் இப்படியே ஊற்றுகிறதா,
சிமெண்டு அதற்குள் இறுகியிருக்குமா,
கூப்பிட்டுக் கேட்கலாமென்று போனை எடுத்தேன்.
சிக்னல் இல்லை,
எனக்கு.